கணினித் திரையில் உலகப்போரும் கூப்பன் அரிசியும்

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்று இளைப்பாறுவது வழக்கம். ஒன்று அறபு வணிகரின் வருகை. மற்றது 1915ஆம் ஆண்டின் கலவரம். அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் சுதந்திரத்துக்கு வந்துவிடுவார்கள். நடுவே இரண்டாம் உலகப்போர் நடந்த 1939 முதல் 1945 வரையான காலம் எமது எழுத்தில் ஏறத்தாழ வெற்றிடமாகவே கிடக்கிறது. வெற்றிடம் எப்போதும் வெற்றிடமாக இருப்பதில்லை. யாராவது வந்து அதை நிரப்பிவிடுவார்கள். இன்று அதை நிரப்பிக்கொண்டிருப்பது ஒரு கணினி விளையாட்டு என்றால் நமது வாசகர்களில் பலர் சிரிக்கக்கூடும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'ஹார்ட்ஸ் ஒஃப் அயன்' என்பது அதன் பெயர். 'இரும்பு இதயங்கள்' எனத் தமிழாக்கலாம். சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரைச் சேர்ந்த பரடொக்ஸ் நிறுவனம் 2002இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. இரண்டாவது 2005இலும் மூன்றாவது 2009இலும் வந்தன. நான்காவது பதிப்பு 2016 ஜூன் 6ஆம் திகதி வெளியானது. நேசநாட்டுப் படைகள் நோர்மண்டிக் கரையில் இறங்கிய நாளையே தேர்ந்தெடுத்து வெளியிட்டார்கள். துப்பாக்கியைக் கையில் பிடித்துச் சுட்டுத் தள்ளும் விளையாட்டு என்று இதை எண்ணிவிடக் கூடாது. இங்கே விளையாடுபவர் சிப்பாய் அல்லர். ஒரு நாடு முழுவதையும் நடத்துபவர். உலக வரைபடம் திரையில் விரிகிறது. 1936 ஜனவரி முதலாம் திகதி காலம் ஓடத் தொடங்குகிறது. விரும்பிய நாட்டைத் தெரிவுசெய்து, தொழிற்சாலைகளைக் கட்டி, படையணிகளைத் திரட்டி, கப்பல்களை அனுப்பி, உலகப்போரை நடத்த வேண்டும். எண்ணெய், அலுமினியம், இறப்பர், டங்ஸ்டன், உருக்கு, குரோமியம் ஆகிய ஆறு வளங்களோடு நான்காவது பதிப்பு வெளிவந்தது. எந்த நாட்டில் எது எவ்வளவு உண்டு என்பதிலேயே வெற்றியும் தோல்வியும் தங்கியிருக்கின்றன.

நான் குடியிருக்கும் தெஹிவளையில் என் சகோதரியின் மகன் இதில் தேர்ந்தவன். பாடசாலையில் வரலாற்றுப் பாடம் என்றால் தலைவலி என்பான். ஆனால், சிங்கப்பூர் விழுந்தது 1942 பெப்ரவரி 15 என்றும் இரங்கூன் விழுந்தது மார்ச் 8 என்றும் புத்தகம் பார்க்காமல் சொல்வான். மலாயா போனால் பிரித்தானியாவுக்கு இறப்பர் போய்விடும் என்பதை எனக்கு விளக்கியவனும் அவன்தான். அப்படியானால் இலங்கை எப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"அது சும்மா ஒரு சின்ன எடம் மாமா. கப்பல் நிறுத்தத்தான் உதவும். வேற ஒண்டும் இல்ல" என்றான்.

அவன் சொன்னதில் பிழை பிடிக்க முடியாது. அந்த வரைபடத்தில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். 1942இல் வேறு சிலருக்கும் இந்தத் தீவு அப்படித்தான் தெரிந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

போரை மேசைக்குக் கொண்டுவந்து விளையாடிப் பார்ப்பது புதிய பழக்கம் அன்று. நமது சதுரங்கமே நால்வகைச் சேனையின் பெயரால் அமைந்ததுதான். அது பாரசீகம் சென்று, 'ஷத்ரஞ்ச்' என்று அறபு மொழியில் நுழைந்து, பக்தாதில் ஒரு கலையாகவே வளர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-அத்லீயும் பத்தாம் நூற்றாண்டில் அஸ்-ஸூலீயும் அதன் ஆட்டமுறைகள் பற்றி நூல்கள் எழுதினார்கள். அது கூடுமா கூடாதா என்று நமது இமாம்கள் விவாதித்ததும் உண்டு. சூது கலவாமலும் தொழுகையைத் தவறவிடச் செய்யாமலும் இருந்தால் மக்ரூஹ் என்ற அளவில் நிறுத்துவது ஷாபிஈ மத்ஹபின் அறியப்பட்ட கருத்து. பின்னர் 1812இலும் 1824இலும் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் குடும்பத்தின் தந்தையும் மகனும், நிலப்படமும் பகடைக்காயும் கொண்ட போர் விளையாட்டை இராணுவ அதிகாரிகளுக்காக உருவாக்கினார்கள். அதன் பிறகு உலகின் பெரிய படைகளெல்லாம் போருக்கு முன்னர் மேசையில் விளையாடிப் பார்க்கத் தொடங்கின. இன்றைய கணினி விளையாட்டு அந்த மரபின் பேரப்பிள்ளைதான்.

அந்த மேசைகளில் ஒன்றில் நமது தீவும் கிடந்தது. 1942 பெப்ரவரியின் பிற்பகுதியில், ஜப்பானியக் கூட்டுக் கடற்படையின் தலைமைக் கப்பலான 'யமட்டோ'வில் இந்து சமுத்திர நடவடிக்கைக்கான போர் விளையாட்டொன்று நடத்தப்பட்டது. இலங்கையைக் கைப்பற்றலாம் என்பது கடற்படையின் திட்டமிடுவோர் சிலரின் யோசனை. பிரித்தானியரின் கிழக்குக் கடற்படையை இல்லாமல் செய்யலாம். இந்தியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் செல்லும் கடற்பாதையை அறுக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஆனால், தரைப்படை அதற்கு வேண்டிய டிவிஷன்களைத் தர மறுத்துவிட்டது. சீனாவிலும் பர்மாவிலும் சிக்கியிருந்த படையை இன்னொரு தீவுக்கு அனுப்ப அதற்கு மனமில்லை. எனவே பிடிப்பது என்ற யோசனை கைவிடப்பட்டு, அடித்துவிட்டுத் திரும்புவது என்ற திட்டமே எஞ்சியது. இந்தத் தீவில் வாழ்ந்த மக்களின் தலைவிதி இப்படி, இன்னொரு கடலில் நின்ற ஒரு கப்பலில், சில அதிகாரிகளின் கணக்கில் திரும்பியது. அந்தச் செய்தி கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ எவருக்கும் தெரியாது.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலீனா விமானத்தில் ரோந்து சென்ற கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், நகுமோவின் கப்பற் கூட்டத்தை இலங்கைக்குத் தெற்கே கண்டார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். உயிர் தப்பிய பேர்ச்சலும் மற்றவர்களும் போர் முடியும்வரை கைதிகளாக இருந்தனர். அந்தச் செய்தியால் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பலவற்றை வெளியேற்ற முடிந்தது. மறுநாள் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலை எட்டு மணிக்குச் சற்று முன்னதாக, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய 125 வரையான விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. முன்னின்று நடத்தியவர் மிட்சுவோ புச்சீடா. பேர்ல் துறைமுகத் தாக்குதலை நடத்தியவரும் அவரே.

துறைமுகத்தோடு அவர்கள் குறிவைத்த மற்றோர் இடம் இரத்மலானை. விமானத்தளமும் புகையிரதத் தொழிற்சாலையும் அங்கேயே இருந்தன. தெஹிவளையிலிருந்து கல்கிசையைத் தாண்டினால் இரத்மலானை. அங்கிருந்த ஹரிகேன் விமானங்கள், குண்டு விழும் வேளையிலேயே மேலெழ வேண்டியதாயிற்று. துறைமுகத்தில் 'டெனடோஸ்', 'ஹெக்டர்' ஆகிய கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் வைத்தியசாலை மீதும் குண்டு விழுந்தது. கொழும்பிலும் இரத்மலானையிலுமாகப் பொதுமக்கள் 85 பேர் வரை இறந்ததாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. அன்று பிற்பகல் கடலில் 'கோர்ன்வால்', 'டோர்செட்ஷயர்' என்ற இரண்டு குரூஸர் கப்பல்களோடு 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மூழ்கியது.

அப்போது பிரித்தானியக் கடற்படையின் பெரும்பகுதி எங்கே இருந்தது? மாலைதீவின் தென்கோடியில் உள்ள அத்து அட்டோலில். நமது சகோதர முஸ்லிம் தீவான அங்கே, 1941 முதல் பிரித்தானியர் இரகசியமாக ஒரு தளத்தை அமைத்திருந்தனர். ஜப்பானியருக்கு அப்படியொரு தளம் உண்டு என்பதே தெரியாது. மாசியும் கயிறும் கொண்டுவந்த மாலைதீவு ஓடங்களை மட்டுமே அறிந்திருந்த நம்மவர்களுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

இங்கே இன்னொரு தகவலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நகுமோவின் கப்பற்படை திரும்பிச் சென்ற பிறகு, மே மாதத் தொடக்கத்தில், அதே 'யமட்டோ'வில் மிட்வே தாக்குதலுக்கான போர் விளையாட்டு நடந்தது. நடுவர் பகடை உருட்டியபோது ஜப்பானின் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கியதாக வந்தது. பார்த்துக்கொண்டிருந்த அட்மிரல் உகாகி அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. சேதத்தைக் குறைத்துக் கணக்கிடச் சொன்னார். ஜூன் மாதத்தில் மிட்வேயில் உண்மையாகவே நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. அவற்றில் மூன்று, இரண்டு மாதங்களுக்கு முன் கொழும்பைத் தாக்கியவை. விளையாட்டு பொய் சொல்லவில்லை. விளையாடியவர் தமக்குப் பிடிக்காததைத் திருத்திக்கொண்டார். வரலாற்றை எழுதுவோரிடமும் இந்தப் பழக்கம் உண்டு என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, விளையாட்டின் ஆறு வளங்களில் எது இல்லை? அரிசி இல்லை. இலங்கையில் 1942ஆம் ஆண்டின் கதையே அரிசியின் கதைதான். போருக்கு முன் நாம் உண்ட அரிசியின் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. அதிலும் முக்கியமாகப் பர்மாவிலிருந்து வந்தது. இரங்கூன் விழுந்தபோது நமது உலையும் சேர்ந்தே அணைந்தது. அரிசி பங்கீடாயிற்று. கூப்பன் புத்தகம் என்ற ஒன்று வீட்டுக்குள் வந்தது. சங்கக்கடை என்ற ஒன்று ஊருக்குள் வந்தது. கோதுமை மாவும் பாணும் மரவள்ளிக்கிழங்கும் சோற்றின் இடத்தில் வந்து அமர்ந்தன. குண்டு விழுந்த பின் கொழும்பிலிருந்து மூட்டை கட்டியவர்களில் என் உம்மாவின் மூத்த சகோதரியும் ஒருவர். குண்டுச் சத்தத்தைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. நோன்பு திறக்கக் கஞ்சிக்கு அரிசி போதாமல் போனதைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த அரிசியிலிருந்துதான் நமது சமூகத்தின் ஒரு பெரிய திருப்பமும் பிறந்தது. மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். 1942இல் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக அவர் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். அவசரகாலக் கச்சேரி ஒன்று அங்கே திறக்கப்பட்டது. காடு வெட்டிக் கழனியாக்கும் வேலையில் அவர் இறங்கினார். அவ்வயல் நிலங்களின் ஒரு பகுதிக்கு மக்கள் 'அஸீஸ் துரைக் கண்டம்' எனப் பெயரிட்டதாக அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. நெல்லை எண்ணச் சென்ற அதிகாரியின் கண்ணில் பட்டது நெல் மாத்திரம் அன்று. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும் பட்டார்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு நட்பு ஏற்பட்டதும் அப்போதுதான். கல்முனையில் தொடங்கிய கல்விச் சங்க முயற்சி, 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. கையில் காசில்லாத எத்தனையோ பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை மிதிக்க அது கைகொடுத்தது. 1948இல் அவர் சிவில் சேவையைத் துறந்து ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். இரங்கூன் விழாதிருந்தால் அஸீஸ் கல்முனைக்குச் சென்றிருப்பாரா? 'இப்படி நடந்திருந்தால்' என்று கேட்க விளையாட்டு நமக்குச் சொல்லித் தருகிறது. ஆனால், இந்தக் கேள்வியை அந்தத் திரையில் கேட்க முடியாது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியாவும் ஜப்பானிடம் போன பிறகு, நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் தந்த முக்கிய இடம் இலங்கை. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பால் வெட்டினார்கள். அந்தத் தோட்டங்கள் இயங்க வேண்டுமானால் தொழிலாளிக்குச் சோறு வேண்டும். அதற்காக இந்தியாவிலிருந்து அரிசி இங்கே வந்தது. 1943இன் முற்பகுதியிலும், வங்காளத்தில் பஞ்சம் மூண்டுகொண்டிருந்த வேளையிலும் வந்தது. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. கிழக்கு வங்காளத்தின் முஸ்லிம் குடியானவர்களும் மீனவர்களும் அவர்களில் ஏராளம். நமது கூப்பன் அரிசியில் ஒரு கைப்பிடி அவர்களுடையதாக இருந்திருக்கக் கூடும். நமது முன்னோர் அதை அறிந்து உண்ணவில்லை. அவர்கள் மீது பழி இல்லை. அரிசியை எங்கே அனுப்புவது என்று தீர்மானித்தவர்கள் வரைபடத்தின் முன் அமர்ந்திருந்தவர்கள். ஆயினும் அறிந்துகொண்ட பின் நாம் பேசாதிருக்க முடியாது.

விளையாட்டில் 'ஆள்பலம்' என்று ஓர் எண் உண்டு. மக்கள் அதில் இலக்கமாக நிற்பார்கள். கொக்கோஸ் தீவில் நிறுத்தப்பட்டிருந்த இலங்கைக் காவற் பீரங்கிப் படையினர் சிலர் 1942 மே 8ஆம் திகதி இரவு வெள்ளை அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தனர். கிளர்ச்சி தோற்றது. கிரேஷன் பெர்னாண்டோவும் மேலும் இருவரும் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலகப்போரில் கிளர்ச்சிக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்ட பொதுநலவாயச் சிப்பாய்கள் இவர்கள் மட்டுமே. கொழும்பில் குண்டு விழுந்து இரண்டு நாட்களுக்குள், ஏப்ரல் 7ஆம் திகதி, என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய சமசமாஜத் தலைவர்கள் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பிச் சென்றனர். ஒரே தீவில் ஒரே மாதங்களில், யாருக்காக இந்தப் போர் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஆள்பலம் கேள்வி கேட்பதில்லை, ஆட்கள்தான் கேட்பார்கள்.

இந்த விளையாட்டின் பிந்திய பதிப்பில் கைப்பற்றிய ஊர்களின் நிலைமை, 'எதிர்ப்பு', 'இணக்கம்' என்ற இரண்டு வீதங்களாகக் காட்டப்படுகிறது. நாஸிகளின் வதைமுகாம்களோ இன அழிப்போ அதில் இல்லை. அவற்றை விளையாட்டாக்குவது தகாது என்று தயாரிப்பாளர்கள் விலக்கியிருக்கிறார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால், அதனால் நேரும் விளைவு ஒன்றுண்டு. இழப்பே இல்லாத போர் ஒன்று பிள்ளையின் மனத்தில் பதிகிறது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஊர் ஒரு நிறம். வெற்றி பெற்றவுடன் அது வேறு நிறமாகிவிடும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னவர்களும் ஒரு வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. வடக்கு முழுவதிலுமாக ஏறக்குறைய 75,000 பேர் உடுத்த உடையோடு நடந்தார்கள். நிறம் மாறியதை வரைபடம் காட்டும். புத்தளத்து ஓலைக் கொட்டில்களை அது காட்டாது.

இதனால் இந்த விளையாட்டைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். சீனா 2004இல் இதன் முதல் பதிப்பைத் தடைசெய்தது. திபெத்தும் சிங்கியாங்கும் மஞ்சூரியாவும் தனிநாடுகளாகக் காட்டப்பட்டன என்பது காரணம். தடையால் யாருக்கும் வரலாறு தெளிவாகிவிடவில்லை. என் மருமகனுக்கு இறப்பரும் எண்ணெயும் கடற்பாதையும் எப்படி உலகை ஆட்டுகின்றன என்பதைக் கற்பித்தது எந்தப் பாடப்புத்தகமும் அன்று; இந்த விளையாட்டுத்தான். ஸ்டொக்ஹோமில் இருப்பவர்கள் தமக்குத் தெரிந்ததை வரைந்தார்கள். கூப்பன் அரிசியை அவர்கள் வரையவில்லை என்று குறைகூற நமக்கு உரிமையில்லை. அதை நாம் எழுதி வைத்திருந்தால்தானே அவர்களுக்குத் தெரியும்?

எழுதுவதற்குக் காலம் மிகக் குறைவாகவே இருக்கிறது. 1942இல் பத்து வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அப்படிப்பட்ட மூத்தவர்கள் நமது குடும்பங்களில் இன்னும் ஓரிருவர் இருக்கக் கூடும். அவர்களிடம் போய், குண்டைப் பற்றி மட்டும் கேட்காமல், அன்று அடுப்பில் என்ன இருந்தது, கடை எத்தனை நாள் மூடிக்கிடந்தது, யார் வீட்டில் போய்த் தங்கினீர்கள், யார் உங்களுக்கு இடம் தந்தார்கள் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். பள்ளிவாசல்களில் அந்தக் காலத்து ஜனாஸா, நிகாஹ் பதிவேடுகள் கறையான் தின்னாமல் கிடந்தால் படம்பிடித்து வையுங்கள். கொழும்பின் பழைய மொத்த வியாபாரக் குடும்பங்களிடம் போர்க்காலக் கணக்கேடுகள் இருக்கலாம். எங்கோ ஒரு பெட்டியடியில் ஒரு கூப்பன் புத்தகமும் இருக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்றவை ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் பேணி வருகின்றன. அவற்றிடம் ஒப்படைத்தால் அழியாது.

இந்த வேலையை மருமகனைப் போன்ற இளைஞர்களிடமே கொடுக்கலாம் என்பது என் எண்ணம். கப்பல்களின் பெயரையும் தொன் கணக்கையும் அவர்கள் ஏற்கெனவே அறிவார்கள். அந்தக் கப்பல்கள் வராமற்போன மாதங்களில் கொட்டாஞ்சேனையில் ஒரு கொத்து அரிசி என்ன விலைக்குப் போனது என்பதைக் கண்டுபிடித்து எழுதச் சொல்வோம்.